செவிக்கு வந்த விந்தைக் கதைகள்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்துக் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டுக்கும் பின்னே, நாற்பத்திரண்டாம் அதிகாரமாக அவர் வைத்தது கேள்வி. கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் பொதுவான வாயில் ஒன்று உண்டு, அது செவி என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்துகிறது. இன்று கேள்வி என்றதும் வினா என்னும் பொருளே நம் நினைவுக்கு முந்தி வருகிறது. பழந்தமிழில் அது கேட்டுப் பெறும் அறிவைக் குறித்த சொல்.

அந்தப் பழைய பொருள் இப்போது புதிய கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை ஒருவர் வாசித்துப் பதிவு செய்ய, அதனைப் பிறர் கைப்பேசி வழியே கேட்கின்றனர். இதற்கு ஒலிநூல் என்று பெயர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளரும், ஆவடியிலிருந்து மின்தொடர் வண்டியில் பட்டணம் செல்லும் மாணவரும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவை எல்லாம் பாடல்கள் என்று எண்ணிவிட வேண்டா. நாவல் கேட்போரும் அவர்களிடையே உண்டு. அவற்றுள்ளும் அறிவியற் புனைகதைகளை விரும்பிக் கேட்போர் ஒரு தனிக் கூட்டம். இக்கட்டுரையாளனும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

"நூலைக் கேட்பதாவது! அது சோம்பேறியின் படிப்பு அல்லவா?" என்று அறிஞர் சிலரே கடிந்து கூறக் கேட்டிருக்கிறேன். "புனைகதை, அதிலும் விண்வெளிக் கதை, அதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இவ்விரண்டுக்கும் வரலாறு தரும் விடை யாது என்பதையும், நூலை வாசித்துக் காட்டுவோர் குரலுக்கு உரிய கடமை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டலே முதல், கண்டெடுத்தல் கடை

அரபுக் கல்வி மரபில் ஒரு நூலைப் பெறுவதற்கு எட்டு வழிகள் வகுக்கப்பட்டிருந்தன. ஹதீஸ் கலை பயின்றோர் இதனை நன்கறிவர். அவ்வெட்டில் முதலிடம் பெற்றது ஸமாஉ. ஆசிரியர் வாய்மொழியைச் செவியாற் கேட்டுப் பெறுதல். அடுத்தது கிராஅத், மாணவன் வாசிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்துதல். இறுதியில் நின்றது விஜாதா. ஒருவர் எழுதி வைத்த ஏட்டைக் கண்டெடுத்து, எவரிடமும் கேளாமல், தனியே கண்ணால் வாசித்தறிதலே அது. இன்று நாம் படிப்பு என்று பெருமையோடு சொல்லிக்கொள்வது எதுவோ, அதனை அம்மரபினர் கடைசிப் படியில் வைத்திருந்தனர். எழுத்துப் பிழையையும் புள்ளி மாறாட்டத்தையும் கண் எளிதில் கண்டுகொள்ளாது. கற்றவர் வாயும் பழகிய செவியும் கண்டுகொள்ளும் என்பதே அதற்குக் காரணம்.

நூல் வாசிக்கப்பெற்ற அவைகளில் வந்தோர் பெயர்களை எழுதி வைக்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய பட்டியல்கள் பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களிலும் இறுதிப் பக்கங்களிலும் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆடவரோடு பெண்டிர் பெயர்களும் சிறுவர் பெயர்களும் அவற்றில் உள்ளன. யார் தாமதமாக வந்தார், எவருக்கு எந்தப் பகுதி விடுபட்டது என்பனவும் குறிக்கப்பட்டன. கேட்டல் என்பதை அவர்கள் எத்துணைப் பொறுப்புள்ள செயலாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவை பெரிதாகி, ஆசிரியர் குரல் எட்டாத நிலை வந்தபோது ஒருவர் நடுவே நின்று அவர் சொல்லை உரக்க எடுத்துரைப்பார். அவருக்கு முஸ்தம்லீ என்று பெயர். கி.பி. 1166-இல் மறைந்த இமாம் ஸம்ஆனீ, சொல்லி எழுதுவித்தலின் ஒழுங்குகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். முஸ்தம்லீயாக நிற்பவர் உரத்த குரலினராகவும் விழிப்புடையவராகவும் இருத்தல் வேண்டும். ஆசிரியர் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்க்க வேண்டும் என்பன அம்மரபின் விதிகள். இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து நாவல் வாசிப்பவருக்கு முன்னோர் யார் என்று எவரேனும் வினவினால், நான் அந்த முஸ்தம்லீயையே சுட்டுவேன்.

பார்வையற்ற புலவரும் விந்தைப் பயணமும்

புனைவின் பக்கமும் நம் அரபு இலக்கியம் வறியதன்று. சிரியாவின் மஅர்ரா நகரில் கி.பி. 973-இல் பிறந்த அபுல் அலா அல்-மஅர்ரீ, குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் பார்வை இழந்தவர். கற்றதெல்லாம் செவியால், இயற்றியதெல்லாம் வாயால் சொல்லிப் பிறரைக் கொண்டு எழுதுவித்தது. அவ்வாறு பிறந்த ரிஸாலத்துல் குஃப்ரான் என்னும் நூலில், அவர் காலத்து எழுத்தாளர் ஒருவர் மறுமை உலகில் பயணம் செய்து, மறைந்த கவிஞர்களைக் கண்டு அவர்களுடைய கவிதைகளைப் பற்றி உரையாடுகிறார். மஅர்ரீயின் கொள்கைகள் குறித்து அறிஞரிடையே கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஈண்டு நாம் நோக்குவது அந்நூல் பிறந்த வழியை மட்டுமே. காணாத உலகத்தைப் பாடிய ஒரு பெருநூல், காணாதவர் ஒருவரின் செவியிலும் நாவிலும் உருவாயிற்று. அவரை ஆராய்ந்து 1914-இல் முனைவர் பட்டம் பெற்ற எகிப்தின் தாஹா ஹுஸைனும் பார்வையற்றவரே.

பார்வையற்ற அறிஞர்களுக்கென்றே ஒரு வரலாற்றுத் தொகுப்பும் அரபியில் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் ஸஃபதீ இயற்றிய அந்நூல், பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ என்பாரைப் பற்றிக் கூறும் செய்தி வியப்புக்குரியது. அவர் நூல் வணிகம் செய்தவர். தம் ஒவ்வொரு நூலின் விலையையும் மெல்லிய தாளை முறுக்கி எழுத்து வடிவாக்கி அட்டையின் உட்புறம் ஒட்டி வைத்து, விரலால் தடவி அறிந்துகொள்வாராம். லூயி பிரெய்ல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது.

அறிவும் கற்பனையும் கைகோத்த கதைகளுக்கும் அங்கே குறைவில்லை. கி.பி. 1185-இல் மறைந்த இப்னு துஃபைலின் ஹய்யு இப்னு யக்ளான், மனிதரில்லாத் தீவில் மான் ஒன்றால் வளர்க்கப்பெற்ற குழந்தையின் கதை. தன்னை வளர்த்த மான் இறந்தபோது, அதனை இயக்கிய பொருள் யாது என்று அறிய அதன் உடலை அறுத்து ஆராய்கிறான் அச்சிறுவன். இந்நூல் 1671-இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றது. இதயத்திலிருந்து நுரையீரல் வழியே குருதி செல்லும் பாதையை முதன்முதல் விளக்கிய மருத்துவ மேதை இப்னு நஃபீஸும் (மறைவு கி.பி. 1288) இவ்வகையில் ஒரு கதை எழுதினார். இவற்றை அறிவியற் புனைகதை என்றே கூறிவிடுதல் மிகையாகலாம். ஆனால் அக்குடும்பத்தின் மூத்தோர் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை என்றும் கூறவியலாது.

நம் வீட்டுத் திண்ணைகளில்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியமும் செவியை நம்பி வளர்ந்ததே. முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழைமையானதாகக் கருதப்படும் ஆயிர மசலா, 1572-இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவிய வினாக்களும் அவற்றுக்கான விடைகளுமாக அமைந்தது. படைப்பு, வானங்கள், மறுமை எனப் பல பொருள் பற்றிய வினாக்கள் அவை. கேட்போர் வியப்பை வினாவாக எழுப்பி, விடையால் நிறைவு செய்வது அதன் உத்தி.

அதற்குப் பின் வந்த கிஸ்ஸாக்களும் நாமாக்களும் மாலைகளும் தனியே அமர்ந்து வாசிப்பதற்காக எழுந்தவை அல்ல. ஒருவர் இசையோடு வாசிக்கப் பலர் கூடிக் கேட்பதற்கே எழுந்தவை. யூசுப் நபி கிஸ்ஸாவையும் சைத்தூன் கிஸ்ஸாவையும் மனப்பாடமாகச் சொல்லும் மூதாட்டியர் ஊர்தோறும் இருந்தனர். அவர்களுள் பலர் தமிழெழுத்து அறியார். அரபுத்தமிழ் அறிந்தோர் சிலர். எவ்வெழுத்தும் அறியாதோர் சிலர். எனினும் அவர்களை இலக்கியம் அறியாதவர் என்று எவர் கூறத் துணிவார்? உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அது மக்களிடம் சேர்ந்ததும் தொடர் சொற்பொழிவு கேட்ட செவிகளின் வழியேதான். அதற்கு உரை கண்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னையில் நூறு செய்திகளை ஒரே காலத்தில் உள்ளத்திற் கொண்டு அவையோரை வியக்கச் செய்தார். அவதானக் கலை என்பதே செவியின் பேராற்றலைக் காட்டும் கலை.

சென்னை அச்சிட்ட கனவு

அறிவியற் புனைகதை நமக்கு அந்நியச் சரக்கு என்பார், 1905-ஆம் ஆண்டைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியப் பெண்மணிகள் இதழில், வங்கத்து முஸ்லிம் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கதை வெளிவந்தது. எழுதியவர் ரொக்கையா சகாவத் ஹுசைன். கதை, சுல்தானாவின் கனவு.

அக்கதையில் பெண்கள் ஆளும் நாடொன்று வருகிறது. அங்கே அடுப்பெரிப்பது ஞாயிற்றின் வெப்பம். மழைநீரை மேகத்திலிருந்தே ஈர்த்துக்கொள்ளும் பலூன் ஒன்றும் உண்டு. மக்கள் வானூர்தியில் செல்கின்றனர். படையெடுத்து வந்த பகைவரைப் பெண்கள் வாளெடுத்து வெல்லவில்லை. திரட்டிய கதிரொளியைப் பகைவர்மீது திருப்பி விரட்டுகின்றனர். ஆடவரோ வீட்டினுள் அடங்கியிருக்கின்றனர். ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. வீட்டிலேயே, உடன்பிறந்தார் துணையால் ஆங்கிலம் பயின்ற ஒரு பெண், ஞாயிற்றொளியை ஆற்றலாக்கும் உலகத்தைக் கனவு கண்டார். அந்த அம்மையார் பின்னர் கல்கத்தாவில் 1911-இல் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கென நிறுவிய பள்ளி புகழ் பெற்றது. அவரது கதையை யுனெஸ்கோ அமைப்பு 2024-இல் ஆசிய, பசிபிக் பகுதியின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. இத்தகைய கதையை முதன்முதல் அச்சிட்ட பெருமை நம் சென்னைக்கு உரியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

குரலைச் சிறைப்பிடித்த பொறி

எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டுபிடித்தார். அதன் பயன்களை அடுத்த ஆண்டே அவர் வரிசைப்படுத்தியபோது, பார்வையற்றோருக்கு நூல்களை வாசித்துக் காட்டுவதையும் அதில் சேர்த்திருந்தார். ஆனால் ஒரு தட்டில் சில நிமிடங்களே அடங்கிய காலம் அது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் துயர், இம்முயற்சியை விரைவுபடுத்திற்று. பிரிட்டனில் 1935-ஆம் ஆண்டில் பேசும் நூல்கள் வெளிவரத் தொடங்கின. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும், ஜோசப் கான்ராடின் கடற்கதை ஒன்றும் முதலில் வந்தவற்றுள் அடங்கும். அமெரிக்காவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இப்பணி தொடங்கியது. ஒலிநூல் என்பது பார்வையற்றோருக்காகப் பிறந்தது என்பதும், பார்வையுடையோர் பின்னர் வந்து அதில் பங்கு கொண்டனர் என்பதும் மறக்கத் தகாதன.

வானொலியும் அவ்வேளையில் வளர்ந்து வந்தது. சென்னை வானொலி நிலையம் தொடங்கிய 1938-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் ஒரு நாடகம் நடத்தினார். செவ்வாய்க் கோளிலிருந்து வந்தோர் பூமியைத் தாக்குவதாக எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். நாடகத்தின் முற்பகுதியைச் செய்தி அறிவிப்புப் போலவே அமைத்திருந்தனர். கேட்டவர் சிலர் உண்மையென அஞ்சினர். நாடே கலங்கியதாக மறுநாள் நாளேடுகள் எழுதியவை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் 1949-இல் எக்வடோர் நாட்டின் கீத்தோ நகரில் அதே கதை அதே பாங்கில் ஒலிபரப்பானபோது விளைவு மெய்யாகவே கொடிது. ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்த மக்கள் வெகுண்டு வானொலி நிலையத்துக்குத் தீயிட்டனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? அச்சில் உள்ள கதையைக் கண் காணும்போது, அட்டையும் பெயரும் அது கதையென்று சொல்லிக்கொண்டே இருக்கும். செவிக்கு அத்தகைய வேலி இல்லை. குரல் எதனைச் சொல்கிறதோ அதனையே அது நம்புகிறது. ஆகவே புனைவை வாசிப்பவர் கையில் உள்ளது ஓர் அமானத். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்.

பூவிருந்தவல்லியின் பங்கு

இந்த வரலாற்றில் நம் சென்னையின் மேற்புறத்துக்கும் பங்குண்டு. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நாட்டு விடுதலைக்கு முன்பிருந்தே நடந்து வருகிறது. பிரெய்ல் அச்சகமும் அங்கே உண்டு. பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் 1988 முதல் அவ்வூரில் இயங்குகிறது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே பயின்றோர், ஆசிரியராகவும் வங்கி அலுவலராகவும் வழக்கறிஞராகவும் விளங்குகின்றனர்.

பிரெய்ல் புத்தகம் பருமனானது. நம் கையில் அடங்கும் ஒரு நாவல் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருகும். அச்சிடும் செலவும் மிகுதி. ஆதலால் அச்சேறுபவற்றுள் பாடநூல்களுக்கே முதலிடம். ஒலிநாடாக் காலத்தில் அன்பர்கள் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தவற்றுள்ளும் பெரும்பாலானவை தேர்வுக்கு உரியனவே. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பசித்தவனுக்குச் சோறு முதலில், பலகாரம் பின்னர் என்பது உலக வழக்கு. ஆயினும் என்னிடம் அரபு இலக்கணம் ஓதிய பார்வையற்ற இளைஞர் ஒருவர் ஒருமுறை சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்தது. "உஸ்தாத், எனக்குத் தேவையானவற்றை எல்லோரும் வாசித்துத் தருகின்றனர். எனக்குப் பிடித்ததை எவரும் கேட்டதில்லை" என்றார் அவர். பிடித்தது யாது என வினவினேன். விண்வெளிக் கதைகள் என்றார்.

சட்டத்தின் தடை இப்போது பெரிதும் நீங்கிவிட்டது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றுவதற்கு வழி செய்தது. அந்நோக்கில் மராகேஷ் நகரில் 2013-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை, மறு ஆண்டே முதலில் ஏற்ற நாடு இந்தியாதான். 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் திறக்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே வைப்பதற்குத் தமிழ்ப் புனைகதைகள் போதிய அளவில் வரவில்லை என்பதே நம் குறை.

வாசிப்போர் பற்றிச் சில கருத்துகள்

அந்த இளைஞரின் துணையால் நானும் ஆங்கில ஒலிநூல்கள் சிலவற்றைக் கேட்டேன். அவற்றுள் எங்கள் இருவர்க்கும் மிகவும் உவப்பானது ஆண்டி வியர் 2021-இல் வெளியிட்ட புராஜெக்ட் ஹெயில் மேரி. வாசித்தவர் ரே போர்ட்டர். அவ்வொலிநூல் 2022-இல் அமெரிக்காவின் ஆடி விருதுகளுள் ஆண்டின் சிறந்த ஒலிநூலுக்கான பரிசினைப் பெற்றது. விண்வெளியில் தனித்து நிற்கும் ஒரு பள்ளி ஆசிரியர், வேற்றுலகத்து உயிர் ஒன்றைச் சந்திக்கிறார். அவ்வுயிரின் இனத்துக்குக் கண் என்னும் உறுப்பே இல்லை. ஒலியாலேயே உலகத்தை உணர்ந்து, விண்கலமும் செய்து வந்த இனம் அது. அதன் மொழி இசைச் சுரங்களால் ஆனது. அச்சு நூலில் சுரக் குறிகளாக மட்டுமே நிற்கும் அப்பேச்சு, ஒலிநூலில் உண்மையான இசையாகவே ஒலிக்கிறது. இங்கே செவி பெறுவது கண் பெறுவதனினும் கூடுதல். "கண் இல்லாதவனை வேற்றுலகத்துப் பொறியாளனாகக் காட்டிய கதை இது, இரக்கப்பட வேண்டியவனாகக் காட்டவில்லை" என்று அவ்விளைஞர் கூறியதை அறிவியற் புனைகதையின் பயனுக்குச் சான்றாகவே நான் கொள்கிறேன்.

அதே ஆசிரியரின் முந்தைய நாவல் தி மார்ஷியன். செவ்வாயில் தனித்து விடப்பட்ட ஒருவர் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் காக்கும் கதை. இதனை முதலில் ஆர்.சி. பிரே என்பார் வாசித்தார். பின்னர் 2020-இல் வில் வீட்டன் வாசித்த பதிவு வந்தது. முதற்குரலில் பழகியோர் இரண்டாவதை ஏற்கத் தயங்கினர். என் கருத்தில் முன்னவர் சிறந்தவர். சாவின் விளிம்பில் நின்று நகைச்சுவை பேசும் மனிதனை, அவர் சிரித்துக்கொண்டு வாசிக்கவில்லை. நகைப்பைக் கேட்போர்க்கு விட்டு வைக்கிறார். நகைச்சுவை வாசிப்போர் அனைவரும் அறிய வேண்டிய நுட்பம் இது.

பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட டியூன் நாவல், அரபு கற்றோர்க்கு வேறொரு வகையில் விருந்து. பாலைவனக் கோள் ஒன்றில் நிகழும் அக்கதையில் மஹ்தி, உஸூல், லிஸானுல் கைப் முதலிய அரபுச் சொற்கள் பரந்து கிடக்கின்றன. லிஸானுல் கைப் என்பதற்கு மறைவுலகின் நாவு என்பது பொருள். பாரசீகக் கவி ஹாஃபிஸுக்கு வழங்கும் சிறப்புப் பெயரும் அதுவே. ஆங்கில வாசிப்பாளர் நாவில் இச்சொற்கள் படும் பாட்டைக் கேட்கப் பழகிய செவி நோகும். கைப் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய கைன், மேலிட்ட ஒரு புள்ளியை இழந்தால் ஐன் ஆகிவிடும். அப்போது மறைவு என்னும் பொருள் போய்க் குறை, பழி என்னும் பொருள் வந்துவிடும். விஜாதாவை நம் முன்னோர் ஏன் கடைசியில் வைத்தனர் என்பதற்கு இதுவே போதிய சான்று. மேலும் 2007-இல் வந்த அதன் ஒலிநூலில், சில இடங்களில் பாத்திரத்துக்கு ஒருவராகப் பலர் பேசுகின்றனர். வேறு இடங்களில் ஒருவரே அனைவர்க்கும் பேசுகிறார். ஒரே பாத்திரத்தின் குரல் இடையில் மாறிவிடுகிறது. கேட்போர் திகைப்பதில் வியப்பென்ன?

தமிழுக்கு வருவோம். கல்கியின் பொன்னியின் செல்வனைப் பல குரல்களைக் கொண்டு பம்பாய் கண்ணன் ஒலிவடிவாக்கினார். தீபிகா அருண் ஒரே குரலில் நூல்களை வாசித்துப் பலரைக் கேட்க வைத்திருக்கிறார். இருவகைக்கும் நேயர் உண்டு. பெருங்கூட்டம் வரும் வரலாற்றுக் கதைக்குப் பல குரல் பொருந்தும். அறிவியற் புனைகதைக்கு ஒரு குரலே பெரும்பாலும் ஏற்றது என்பது என் துணிபு. அதில் கேட்பவன் முதலில் ஒரு புதிய உலகத்தை மனத்திற் கட்டியாக வேண்டும். அதற்கு வழிகாட்டி ஒருவர் போதும்.

சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய என் இனிய இயந்திரா, 2021-ஆம் ஆண்டு எப்படியிருக்கும் என்று கற்பனை செய்த நாவல். அவ்வாண்டு வந்து போயும்விட்டது. அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய், நூல் பல கற்று மனிதரினும் நயமாகப் பேசும். இப்பாத்திரத்தை வாசிக்க முனைவோர் பலர்க்கும் கீச்சுக் குரல் எடுக்கும் ஆசை வரும். அது தவறு. ஜீனோவின் சிறப்பு அதன் அறிவு. உலோகத் தொண்டை அன்று. அமைதியான இயல்பான குரலில் அது பேசும்போதுதான், பேசுவது நாயா, பொறியா, நண்பனா என்னும் மயக்கம் கேட்பவன் உள்ளத்தில் எழும்.

தமிழ் வாசிப்போர்க்கு வேறொரு சோதனையும் உண்டு. நம் எழுத்து வழக்கு வேறு. பேச்சு வழக்கு வேறு. எழுதியிருப்பதைப் பேச்சாக்கிவிடுதல் ஆசிரியர் சொல்லை மாற்றுதலாகும். பேச்சாக எழுதிய உரையாடலைச் செந்தமிழாக்குதலும் அத்தகையதே. லகர, ளகர, ழகர வேறுபாடு கண்ணுக்கு எழுத்தால் தெரியும். செவிக்கு வாசிப்பவர் நாவொன்றே துணை. எண்களும் அளவைகளும் அறிவியற் கதையில் உயிர்நிலைகள். "மூன்று நாளுக்குக் காற்று மிச்சம்" என்னும் இடத்தில் அந்த மூன்று தெளிவாகக் கேட்காவிட்டால் கதையே விழுந்துவிடும். இடை நிறுத்தமும் வாசிப்பே. வியப்பான செய்தி ஒன்றைச் சொன்ன பின் ஒரு மூச்சளவு பொறுத்திருக்க வேண்டும்.

இனி, பொறிக்குரல் பற்றி ஒரு சொல். கணினியே எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இன்று எளிதாகிவிட்டது. "அதுவே போதும்; அதுவும் இருமடங்கு வேகத்தில் வேண்டும்" என்கிறார் நான் குறிப்பிட்ட இளைஞர். "மனிதர் வாசித்தால் அவர் உணர்ச்சி நடுவே வந்து நிற்கிறது. பொறி வாசித்தால் நானே நேராக ஆசிரியரோடு இருக்கிறேன்" என்பது அவர் வாதம். எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று இது. கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பதே முஸ்தம்லீயின் கடமை எனின், பொறியினும் அதனைச் செய்பவர் யார்? ஆயினும் முஸ்தம்லீக்கு விதித்த விழிப்பு என்னும் பண்பு பொறிக்கு இல்லை. தான் வாசிப்பது கண்ணீரா, கணக்கா என்பதை அது அறியாது. பாடநூலுக்குப் பொறி போதும். கதைக்கு மனிதர் வேண்டும் என்று நான் கூறுவேன். அவர் இதனை ஒப்பவில்லை. கேட்பவர் அவர், தீர்ப்புரைக்கும் உரிமையும் அவர்க்கே மிகுதி. இரண்டும் கிடைத்தால் அவரவர் விரும்பியதைத் தேர்ந்துகொள்வர்.

நாம் செய்யத்தக்கது

தஜ்வீது முறைப்படி ஓதப் பழகிய நாவுகள் நம் வீடுகளில் எத்தனை உள்ளன! எழுத்துப் பிறக்கும் இடமறிந்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நீட்டும் இடத்தில் நீட்டப் பயின்ற நம் ஆண்மக்களும் பெண்மக்களும் தமிழ் நூல் வாசிப்பதற்கு ஏற்கனவே பாதிப் பயிற்சி பெற்றவர்களே. அரபுச் சொல் வந்தால் பிறர் தடுமாறுவர், இவர்கள் தடுமாறார். அமைதியான ஓர் அறையும், கைப்பேசியும், நாளுக்கு அரைமணி நேரமும் இருந்தால் ஒரு நாவல் சில வாரங்களில் முடிந்துவிடும். பார்வையற்றோருக்காகப் பதிவு செய்து தருவதற்கு அத்துறை அமைப்புகளை அணுகலாம். பொதுமக்கள் கேட்க வெளியிடுவதாயின், ஆசிரியர் அல்லது உரிமையாளர் இசைவு பெறுதல் கடமை.

தொடங்குவதற்கு ஏற்ற நூலும் ஒன்று உண்டு. ரொக்கையா அம்மையார் 1932-இலேயே மறைந்தார். அவர் மூலநூலுக்கு உரிமைக் கட்டு இன்று இல்லை. ஆங்கிலம் அறிந்த ஒருவர் அதனை நல்ல தமிழில் பெயர்க்கட்டும். குரல் வளமுள்ள நம் பெண்மக்கள் ஒருவர் ஏளனமின்றி, அமைந்த குரலில் அதனை வாசிக்கட்டும். முழுவதும் வாசிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. சென்னையில் அச்சேறி நூற்றிருபது ஆண்டு கடந்த அக்கதை, பூவிருந்தவல்லிப் பள்ளியின் மாணவர் செவிக்கு அவர்கள் மொழியிலேயே சேரட்டும். தேர்வுக்கு உதவாத நூலாயிற்றே என்று எவரேனும் வினவினால், ஆம், அதற்காகவே வாசித்தோம் என்று விடை கூறலாம்.